தீர்மானத்தின் வேளை

அச்சேறிய தமிழ்ப் புத்தகத்தைக் கணினியைக் கொண்டு படிக்கச் செய்து, அதிலுள்ள சொற்களைத் தேடவும் எண்ணவும் தொகுக்கவும் வேண்டும் என்ற விருப்பம் தமிழாராய்ச்சி நடக்கும் எந்த ஊரிலும் எழக்கூடியதே. ஆயினும் மைசூரில் அவ்விருப்பம் சற்று விசேஷமாகவே எழுவதற்குச் சரித்திரம் இடங்கொடுத்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966ஆம் ஆண்டில் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு இடம் மாறியபோது, கோயிற் சுவர்களில் ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்த பல்லாயிரம் மைப்படிகளும் அதனுடன் வந்து சேர்ந்தன. அவற்றுள் பெரும்பகுதி தமிழ்க் கல்வெட்டுக்களின் படிகள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் அதே நகரத்தில் தோன்றியது. இன்று சென்னையில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமுங்கூட 2006இல் அந்த மைசூர் நிறுவனத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கி, 2008இல்தான் சென்னைக்குச் சென்றது.

அத்தகைய ஊரில், கன்னடக் கவிஞர் குவெம்பு மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த காலத்தில் பெயர் பெற்ற மானசகங்கோத்திரி வளாகத்தில், ஓர் ஆராய்ச்சி மாணவர் இருப்பதாகப் பாவனை செய்துகொள்வோம். ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதரின் பதிப்பில் 1890இல் வெளிவரத் தொடங்கிய ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ வரிசையின் பழைய தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார் அவர். அந்தப் படங்களை எழுத்துக்களாக மாற்றித் தரும் எழுத்துணரி அவருக்கு வேண்டும். அச்சோ பழைய அச்சு. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் முன்பு வழங்கிய வடிவங்கள், அதாவது துதிக்கை வைத்த லை, னை ஆகியவையும், கால் பிரியாமல் சுழித்து முடிந்த ணா, றா, னா ஆகியவையும், வரிக்கு வரி வரும். வடசொற்கள் வந்த இடங்களில் கிரந்த எழுத்து குறுக்கிடும். புதிய அச்சைப் பார்த்துப் பழகிய எழுத்துணரி இவற்றின்முன் தடுமாறுவது இயல்பு. ஆகவே ஆயத்தமாகக் கிடைக்கும் எழுத்துணரியை அப்படியே பிரயோகிப்பதோடு நில்லாமல், அதற்கு மேலும் பயிற்சி கொடுக்க வேண்டிய நிலைமையில் இருக்கிறார் நம் மாணவர்.

இக்காரியத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் டெஸராக்ட். இது ஹியூலெட் பேக்கார்டு ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் 1985க்கும் 1994க்கும் இடையே உருவாகி, பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, 2005இல் மூலநிரலோடு வெளியிடப்பட்டு, 2006 முதல் கூகுளின் ஆதரவில் வளர்ந்து, 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பு வலைப்பின்னல் முறைக்கு மாறியது. ஐந்தாம் பதிப்பு 2021 நவம்பரில் வந்தது. ஆனால் 2022 ஏப்ரலில் வெளியான உபுண்டு 22.04 இயங்குதளத்தின் களஞ்சியத்தில் இருந்ததோ 4.1.1. இயங்குதளக் களஞ்சியங்கள் ஸ்திரத்தன்மையின் பொருட்டு ஓரடி பின்தங்கியே நடப்பவை. அதைக் குறை சொல்வதற்கில்லை. புதியதுதான் வேண்டும் என்பவர் மூலநிரலை எடுத்துத் தாமே கட்டிக்கொள்ளலாம். துறைக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் மாணவர் கைக்கு வருவதில்லை என்பது மற்றொரு காரணம். கடவுச்சொல் இல்லாமலே தம் சொந்தக் கோப்புறைக்குள் ஒரு மென்பொருளைக் கட்டி நிறுத்திக்கொள்ள முடியும் என்பதுதான் மூலநிரலின் பெரிய சௌகரியம்.

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில் இதற்கென்று மூன்று கட்டளைகள் ஏறக்குறைய மந்திரம்போல் வழங்கி வருகின்றன: கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். முதலாவது விசாரிப்பது, இரண்டாவது கட்டுவது, மூன்றாவது கட்டியதை உரிய இடத்தில் நிறுவுவது. பெரும்பாலோர் இம்மூன்றையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டு, திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளை மழை ஓய்வதற்குக் காத்திருப்பவர்களைப்போல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த அத்தியாயத்தின் விஷயம் முழுவதும் முதற்கட்டளைக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒரு மென்பொருளைப் பற்றிய தீர்மானங்களுள் சில கட்டும் வேளையிலேயே நிலைபெற்றுவிடுகின்றன. சில அதை ஓட்டும் வேளை வரைக்கும் ஒத்திவைக்கப்படுகின்றன. எந்தத் தீர்மானம் எந்த வேளைக்கு உரியது என்று தெரிந்தவருக்கு இக்கலையில் பயப்படுவதற்கு அதிகம் இல்லை. தெரியாதவரோ பல மணி நேரம் ஓடிய வேலையின் முடிவில், தாம் கேட்காத ஒன்று கட்டப்பட்டிருப்பதைக் காண்பார். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1912இல் நிறுவிய மைசூர்ப் பட்டாலையில் பாவு ஓட்டும்போதே சேலையின் அகலமும் கரையும் முடிவாகிவிடுகின்றன, ஊடை ஓடத் தொடங்கிய பின் வாடிக்கையாளர் வந்து கரையை அகலப்படுத்தச் சொன்னால் நெசவாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை அல்லவா, கான்ஃபிகர் என்பதும் அதுபோன்ற வேளையே.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நன்று. பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஸ்டீவ் ஜான்ஸன் என்பவர் ஒருநாள் காலைப்பொழுது முழுவதும் தம் நிரலில் பிழை தேடிக் களைத்துப்போனார். உண்மையில் பிழையைத் திருத்தி முடித்திருந்தார். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்ததால் பழைய பிழையையே துரத்திக்கொண்டிருந்தார். இந்தச் சங்கடத்தைக் கேட்ட அவர் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியதே மேக். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதிக்கொடுத்துவிட்டால், கோப்புக்களின் நேர முத்திரைகளை ஒப்பிட்டு, பழையதாகிப்போனவற்றை மட்டும் அது திரும்பக் கட்டும். அதில் கட்டளை வரிகள் டேப் என்னும் வெற்றிடக் குறியோடுதான் தொடங்க வேண்டும் என்ற விசித்திர விதி ஒன்று உண்டு. அது நல்ல ஏற்பாடு அன்று என்று ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டபடியால், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமின்றி விட்டுவைத்தார். அந்தத் தாட்சணியத்தின் பலனை உலகம் இன்னும் அனுபவித்து வருகிறது.

மேக் தீர்த்தது ஒரே கணினிக்குள் எழும் பிரச்சினையை. யூனிக்ஸ் பல குடும்பங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டபின், ஒரே மூலநிரலை எல்லா இடத்திலும் கட்டுவதே பெரும்பாடாயிற்று. ஓரிடத்தில் இருக்கும் செயற்கூறு மற்றோரிடத்தில் இராது. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். லாரி வால் போன்றவர்கள் 1980களிலேயே தங்கள் நிரல்களோடு இதற்கென ஒரு விசாரணை ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்பிவந்தார்கள். டேவிட் மெக்கென்ஸி 1991இல் குனூ நிரல்களுக்காக எழுதிய ஆட்டோகான்ஃப் அந்த விசாரணையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிற்று. அதன் அடிப்படைத் தத்துவம் எளிமையானது, எனினும் ஆழமானது: எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று பெயர் கேட்டு அதன் குணங்களை ஊகிக்காதே; வேண்டிய குணம் இருக்கிறதா என்று நேரே சோதித்துப் பார்.

சோதனை நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்கலாம். மாணவர் கான்ஃபிகர் என்று தட்டியதும், அந்த ஸ்கிரிப்ட் கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் நாலைந்து வரிகள் கொண்ட ஒரு குட்டி நிரலை எழுதுகிறது. அதைக் கம்பைலரிடம் கொடுக்கிறது. கம்பைலர் ஏற்றுக்கொண்டால் ‘உண்டு’ என்றும், பிழை காட்டினால் ‘இல்லை’ என்றும் திரையில் குறித்துவிட்டு, குட்டி நிரலை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. இப்படி நூற்றுக்கு மேற்பட்ட சிறு பிரசவங்களும் மரணங்களும் ஒன்றிரண்டு நிமிஷங்களுக்குள் நடந்துவிடுகின்றன. ஆரம்பத்திலேயே, கட்டுமானச் சூழ்நிலை புத்தி சுவாதீனத்தோடு இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரி வரும். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அது பார்ப்பதில் முக்கியமானது கடிகாரத்தை. புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கி, அது மூலநிரலோடு வந்த கோப்புக்களைவிடப் பழையதாகத் தோன்றினால், கடிகாரத்தைக் கவனிக்கச் சொல்லி நின்றுவிடும். தாய்ப்பலகையிலுள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோய், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சில ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும் பழைய ஆய்வுக்கூடக் கணினிகளில் இது கற்பனைச் சங்கடம் அன்று. நேர முத்திரையை நம்பி வாழும் மேக்குக்குப் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தைவிடப் பெரிய சத்துரு வேறில்லை என்பதால், இந்த முன்ஜாக்கிரதை நியாயமானதே.

சோதனைகளுக்கு விடை சொல்வது இயந்திரம். அதற்கு மேலாக, மனிதர் சொல்லவேண்டிய விடைகளும் சில உண்டு; அவற்றுள் தலையாயது பிரிஃபிக்ஸ் என்னும் தெரிவு. கட்டிய மென்பொருள் எந்தக் கோப்புறையின் கீழ் குடியிருக்கப் போகிறது என்பதை அது சொல்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர் கோப்புறையின் உள்ளே இருக்கும் லோக்கல் என்று எடுத்துக்கொள்ளும். யூஎஸ்ஆர் களஞ்சிய நிர்வாகிக்கு உரிய பிரதேசம். லோக்கல் அந்தக் கணினியை மேற்பார்ப்பவர் தாமாக நிறுவுவனவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. இந்த எல்லை வகுப்பு 1994இல் லினக்ஸ் கோப்பமைப்புக்காக எழுதப்பட்ட விதிகளில் இடம்பெற்று இன்றும் மதிக்கப்படுகிறது. களஞ்சியத்தின் 4.1.1 ஏற்கனவே குடியிருக்கும் யூஎஸ்ஆருக்குள்ளேயே ஐந்தாம் பதிப்பையும் கொண்டுபோய்ப் போடுபவர், அடுத்த மேம்படுத்தலில் ஒன்றின் கோப்பை மற்றொன்று அழிப்பதைக் காண்பார். அப்போது எதைக் குறை சொல்வது என்றுகூட விளங்காது. நம் மாணவருக்கோ இவ்விரண்டு பிரதேசங்களிலும் எழுதும் அதிகாரம் இல்லை. ஆகவே தம் இல்லக் கோப்புறைக்குள் ‘கருவிகள்’ என்ற பொருளில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதன் முழுப் பாதையைப் பிரிஃபிக்ஸாகக் கொடுக்கிறார்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. பிரிஃபிக்ஸ் என்பது கடைசியில் கோப்புக்களை நகலெடுத்து வைக்கும் இடத்தின் விலாசம் மட்டுமே, பிற்பாடு அந்தக் கோப்புறையைத் தூக்கி வேறிடத்தில் வைத்துக்கொண்டால் போயிற்று என்று எண்ணுவார்கள். டெஸராக்ட் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பயிற்சித் தரவுக் கோப்பை நாடுகிறது. தமிழுக்கு உரியது ‘டாம்’ என்ற மூன்றெழுத்துப் பெயரால் வழங்குகிறது. அக்கோப்பு இருக்குமிடம், அதாவது பிரிஃபிக்ஸின் கீழ் ஷேர் கோப்புறையில் டெஸ்டேட்டா என்பது, கட்டும்போதே நிரலின் உடலுக்குள் ஓர் எழுத்துச் சரமாகப் பதிந்துவிடுகிறது. கோப்புறையை இடம் மாற்றினாலும் நிரல் பழைய விலாசத்துக்கே போய்த் தேடி, தரவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, மொழியை ஏற்ற முடியவில்லை என்று முறையிடும். அம்முறையீட்டின் கூடவே, டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறியில் சரியான இடத்தைக் குறிப்பிடும்படி ஆலோசனையும் சொல்லும். கட்டும் வேளையில் ஒரு தீர்மானத்தைப் பதித்துவிட்டு, ஓட்டும் வேளையில் அதை மீறுவதற்கு ஒரு சிறு வாசலையும் திறந்துவைத்த இந்த ஏற்பாடு விவேகமானது; எல்லா மென்பொருள்களும் இவ்வளவு தயாளமாக இருப்பதில்லை.

இதனோடு மயங்கத்தக்க மற்றொன்று டெஸ்ட்டிர் என்பது. அது கான்ஃபிகரிடம் சொல்வதன்று, மேக் இன்ஸ்டாலிடம் சொல்வது. பிரிஃபிக்ஸ் மென்பொருள் எங்கே வாழப்போகிறது என்பதைச் சொல்கிறது. டெஸ்ட்டிர் இப்போதைக்கு எங்கே இறக்கிவைப்பது என்பதை மட்டும் சொல்கிறது, நிரலின் உடலில் பதிவதில்லை. களஞ்சியங்களுக்குப் பொதி கட்டுபவர்கள் யூஎஸ்ஆரைப் பிரிஃபிக்ஸாகக் கொடுத்துக் கட்டி, ஒரு தற்காலிகக் கோப்புறையில் இறக்கி, அங்கிருந்து பொதியாக மூட்டை கட்டுவது இதன் உதவியால்தான்.

இனி மாணவரின் கதைக்கு வருவோம். டெஸராக்ட் தானே படங்களைத் திறப்பதில்லை. டான் புளூம்பர்க் எழுதிய லெப்டோனிகா என்னும் பட லைப்ரரியை அது நம்பியிருக்கிறது. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்குப் பிந்தியது இல்லையென்றால் கான்ஃபிகர் அங்கேயே நின்று, என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடும். மாணவர் லெப்டோனிகாவின் மூலநிரலையும் இறக்கி, அதே பிரிஃபிக்ஸைக் கொடுத்துக் கட்டுகிறார். அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிகேஜி கான்ஃபிக் பாத் என்ற சூழல் மாறியின் மூலம் டெஸராக்டின் கான்ஃபிகருக்குச் சொல்கிறார். எல்லாம் பிழையின்றி முடிகின்றன. பதிப்பு எண்ணைக் கேட்டால் ஐந்து என்கிறது. சந்தோஷமாகக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பக்கத்தை, பிஎன்ஜி வடிவப் படத்தை, அதன் கையில் கொடுக்கிறார். வருகிறது பதில்: பிஎன்ஜி படிக்கும் செயற்கூறு இல்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கணினியில் பிஎன்ஜி படங்கள் நாள்தோறும் திறந்துகொண்டுதானே இருக்கின்றன? ஆம், அவற்றைத் திறக்கும் லைப்ரரி அங்கே இருக்கிறது. ஆனால் ஓட்டுவதற்கு வேண்டிய லைப்ரரி வேறு, அதைச் சார்ந்து புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புக்கள் வேறு. பின்னவற்றைத் தனிப் பொதியாகப் பிரித்து வைப்பது டெபியன், உபுண்டு குடும்பத்தின் வழக்கம். அந்தத் தனிப் பொதி இக்கணினியில் நிறுவப்படவில்லை. லெப்டோனிகாவின் கான்ஃபிகர் அதைத் தேடியது, கிடைக்கவில்லை, ‘இல்லை’ என்று ஒரு வரியில் குறித்துவிட்டு, பிஎன்ஜி செயற்கூறுகளின் இடத்தில் வெறும் பொம்மைச் செயற்கூறுகளை வைத்துக் கட்டி முடித்துவிட்டது. அந்த ஒரு வரி நூற்றுக்கணக்கான வரிகளின் நடுவே ஓடி மறைந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்பார் இல்லை என்பதுதான் குறை.

இத்தகைய தெரிவுகளுக்கு ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டே நிலைகள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் மூன்று உண்டு. வித்தவுட் என்ற அடைமொழியோடு சொன்னால், இருந்தாலும் சேர்க்காதே என்று பொருள். வித் என்ற அடைமொழியோடு சொன்னால், சேர்த்தே ஆகவேண்டும் என்று பொருள். அப்படிச் சொல்லியிருந்தால், பிஎன்ஜி ஆதரவு கேட்கப்பட்டது, லைப்ரரியோ கிடைக்கவில்லை என்று லெப்டோனிகாவின் கான்ஃபிகர் அப்போதே நின்றிருக்கும். ஒன்றும் சொல்லாமல் மௌனமாக இருந்தால், கிடைத்தால் சேர், கிடைக்காவிட்டால் போகட்டும் என்று பொருள். மௌனம் சம்மதம் என்று நம்மவர் சொல்வது கல்யாணப் பேச்சுக்கு ஒத்துவரலாம். இங்கே மௌனம் அலட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்படும். தமக்கு இன்றியமையாதது எது என்று அறிந்தவர் அதை வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். மௌனத்துக்கும் நியாயமான இடம் இல்லாமல் இல்லை: பல்வேறு சூழ்நிலைகளில் கட்டப்படும் ஒரு லைப்ரரி, ஒவ்வொரு சிறு இன்மைக்கும் பிடிவாதம் பிடித்தால், அதை ஒருவராலும் கட்டி முடிக்க இயலாது.

மாணவர் மறுபடியும் தொடங்குகிறார். பிஎன்ஜி லைப்ரரியையும், அது நம்பியிருக்கும் ஸெட்லிப் என்னும் சுருக்க லைப்ரரியையும், டிஃப் படங்களுக்கு உரியதையும் அதே பிரிஃபிக்ஸில் கட்டியபின், இம்முறை வித் அடைமொழிகளோடு லெப்டோனிகாவைக் கட்டுகிறார். பதிப்பு எண்ணைக் கேட்கும் கட்டளை இப்போது பயன்படுகிறது. ஏனெனில் டெஸராக்ட் தன் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அடுத்த வரியில் லெப்டோனிகாவின் எண்ணையும், அதனுள் சேர்ந்திருக்கும் பட லைப்ரரிகள் ஒவ்வொன்றின் பெயரையும் எண்ணையும் வரிசையாகச் சொல்கிறது. முதல்முறையும் அவ்வரிசை அங்கே இருந்தது. பிஎன்ஜி அதில் இல்லை என்பதைத்தான் மாணவர் கவனிக்கவில்லை.

அதே அறிக்கையின் கீழே, ஏவிஎக்ஸ் 2, எஃப்எம்ஏ, எஸ்எஸ்இ 4.1 ஆகியவற்றைக் கண்டேன் என்பது போன்ற சில வரிகள் இருக்கும். அவை கட்டும் வேளையைச் சேர்ந்தவை அல்ல, ஓட்டும் வேளையைச் சேர்ந்தவை. நரம்பு வலைப்பின்னலின் கணக்கு பெரும்பாலும் எண் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டுவதே. புதிய செயலிகளில் பல எண்களை ஒரே தரத்தில் பெருக்கும் ஆணைகள் உண்டு, பழையவற்றில் இல்லை. கட்டும் செயலிக்கே பொருந்த வைத்துக்கொள் என்று கம்பைலரிடம் சொல்லிவிட்டால், ஆய்வுக்கூடத்தின் புதிய கணினியில் கட்டியது மூலையிலிருக்கும் பழைய கணினியில் ‘சட்டவிரோத ஆணை’ என்று சொல்லி விழுந்துவிடும். டெஸராக்டை எழுதியவர்கள் அந்தப் பெருக்கற் செயற்கூறு ஒன்றை மட்டும் பலவிதமாகக் கட்டி உள்ளே வைத்து, நிரல் தொடங்கும்போது செயலியைப் பார்த்து ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். எதைக் கட்டும் வேளையில் பதிப்பது, எதை ஓட்டும் வேளைக்கு ஒத்திவைப்பது என்ற கேள்விக்கு இதைவிட அழகான விடையை நான் கண்டதில்லை. எல்லாவற்றையும் ஒத்திவைத்தால் மென்பொருள் பருத்து மந்தமாகும்; எதையும் ஒத்திவைக்காவிட்டால் ஒரு கணினியைவிட்டு மற்றொன்றுக்கு நகராது. இவர்கள் ஒத்திவைத்தது மிகச் சிறிய ஒரு பகுதியை; லாபமோ பெரிது.

மற்றத் தெரிவுகளுள் இரண்டைச் சொல்லலாம். ஓப்பன்எம்பி என்பதை அடைத்துக் கட்டினால், ஒரு பக்கத்தைப் படிக்கும்போது பல இழைகளாக வேலையைப் பிரிக்கும் வழக்கம் நின்றுவிடும். ஒற்றைப் பக்கத்துக்கு அது நஷ்டம்போல் தோன்றும்; பல நூறு பக்கங்கள் கொண்ட தொகுதியை ஒரே சமயத்தில் நாலைந்து பக்கங்களாகக் கொடுத்துப் படிக்கச் செய்பவருக்கோ, இழைகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வது நின்று வேலை விரைவாகவே முடியும். மற்றொன்று லெகஸி என்னும் பழைய இயந்திரத்தை நீக்கும் தெரிவு. தமிழுக்குப் புதிய வலைப்பின்னல் முறையே போதும், பழைய முறை எதற்கு என்று மாணவர் அதை நீக்கிவிடக்கூடும். நீக்கினால், பக்கம் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ படமெடுக்கப்பட்டிருக்கிறதா என்று கண்டறியும் வசதியும் கூடவே போய்விடும், அது பழைய இயந்திரத்தைச் சார்ந்தது ஆதலால். பெயரைப் பார்த்து வேண்டாம் என்று தீர்மானிப்பதில் உள்ள அபாயம் இது. கான்ஃபிகரிடம் ‘ஹெல்ப்’ என்று கேட்டால் எல்லாத் தெரிவுகளையும் ஒவ்வொரு வரி விளக்கத்தோடு சொல்லும். அந்த ஒரு வரி விளக்கங்கள் இத்தகைய உறவுமுறைகளைச் சொல்வதில்லை.

மேக் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜே என்ற தெரிவோடு ஓர் எண்ணைக் கொடுத்தால் அத்தனை வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும். செயலியின் கருக்கள் எட்டு என்று எட்டையே கொடுப்பவர்கள் நினைவகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; சி++ கோப்புக்கள் ஒவ்வொன்றும் தொகுக்கும்போது நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்களை விழுங்கக்கூடியவை, நினைவகம் தீர்ந்தால் இயங்குதளம் கம்பைலரையே கொன்றுவிடும். அது நிரலின் பிழையன்று. சிறிய எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடர்வது மேக்கின் சுபாவம்.

நிறுவியபின் பலருக்கு வரும் சங்கடம் ஒன்று உண்டு. நிரல் இருக்கிறது, அதன் லைப்ரரியும் பக்கத்துக் கோப்புறையில் இருக்கிறது. ஆயினும் நிரலை அழைத்தால், பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். ஓட்டும் வேளையில் லைப்ரரிகளைத் தேடிக் கொணர்பவன் வேறொருவன். அவன் தன் பட்டியலில் உள்ள இடங்களில் மட்டுமே தேடுவான். நிர்வாகியாக இருப்பவர் எல்டிகான்ஃபிக் என்ற கட்டளையால் அப்பட்டியலைப் புதுப்பிப்பார். நம் மாணவர்போல் அதிகாரம் இல்லாதவர் எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் தம் கோப்புறையைச் சொல்லலாம். அல்லது கட்டும்போதே தேடவேண்டிய பாதையை நிரலுக்குள் பதித்துவிடலாம். முன்னது ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்கவேண்டிய ஏற்பாடு, அதோடு அதே கணினியிலுள்ள வேறு நிரல்களையும் குழப்பக்கூடியது. தமக்கென்று ஒதுக்கிய கோப்புறையில் நெடுநாள் வைத்திருக்கப்போகும் கருவிக்குப் பின்னதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியில், எதற்காக இத்தனையும் தொடங்கினாரோ அந்தப் பயிற்சிக்கு வருகிறார் மாணவர். பயிற்சிக் கருவிகள் டெஸராக்டின் சாதாரணக் கட்டுமானத்தில் சேர்வதில்லை. மேக் டிரெயினிங் என்று தனியாகக் கேட்க வேண்டும். அவற்றுக்கு ஐசியு, பாங்கோ, கெய்ரோ ஆகிய மூன்று லைப்ரரிகள் தேவை. யூனிகோடு எழுத்துக்களின் குணங்களை அறிந்தது ஐசியு. தமிழ் போன்ற எழுத்துக்களில் குறிகளை உரிய இடத்தில் இட்டு வரிகளை அமைப்பது பாங்கோ. அவற்றைப் படமாக வரைவது கெய்ரோ. கான்ஃபிகர் ஓடியபோதே இவற்றைக் காணாமல், பயிற்சிக் கருவிகள் கட்டப்படமாட்டா என்று எச்சரித்திருக்கும். எச்சரித்ததே தவிர நின்றிருக்காது. இங்கேதான் சுயசார்புக்கும் ஓர் எல்லை வருகிறது. பிஎன்ஜி லைப்ரரியைத் தனியாகக் கட்டுவது ஒரு பிற்பகல் வேலை. பாங்கோவைக் கட்டப் புகுந்தால் அது வேறு ஐந்தைக் கேட்கும், அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைக் கேட்கும். இதற்குமேல் வீம்பு பிடிக்காமல் கணினி நிர்வாகியிடம் போய், இந்த மூன்றின் தலைப்புக் கோப்புப் பொதிகளை நிறுவித் தாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுவதே உத்தமம். கடவுச்சொல்லைக் கொடுக்கத் தயங்குபவர்கள், பொதியின் பெயரைச் சரியாக எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

பயிற்சிக்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளும் தரவும் கவனிக்கத்தக்கது. டெஸராக்டின் தமிழ்த் தரவு ‘ஃபாஸ்ட்’, ‘பெஸ்ட்’ என்ற பிரிவுகளில் கிடைக்கிறது. வேகத்தின் பொருட்டு முழு எண்களாகச் சுருக்கப்பட்ட ஃபாஸ்ட் தரவின்மேல் பயிற்சியைத் தொடர இயலாது; தசம எண்களோடு இருக்கும் பெஸ்ட் தரவிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய றா, னை வடிவங்களைப் பொறுத்தமட்டில் சிக்கல் குறைவு: யூனிகோடில் அவற்றுக்கும் புதிய வடிவங்களுக்கும் குறியெண் ஒன்றே, மாறுவது உருவம் மட்டுமே, பழைய அச்சின் வரிப்படங்களையும் அவற்றின் சரியான எழுத்துப் பெயர்ப்பையும் போதிய அளவு காட்டினால் வலைப்பின்னல் பழகிக்கொள்ளும். கிரந்தம் அப்படியன்று. அது 2014இல் வந்த யூனிகோடு 7.0இல்தான் தனி எழுத்தாக இடம்பெற்றது. தமிழ்த் தரவின் எழுத்துப் பட்டியலில் இல்லாத குறிகளை எத்தனை வரி காட்டினாலும் வலைப்பின்னல் எழுதிக் காட்டாது. ஆகவே பட்டியலையே விரித்து, வலைப்பின்னலின் மேலடுக்கைப் புதிதாக அமைத்துப் பயிற்றுவிக்க வேண்டும். பக்கத்தில் எத்தனை கிரந்தச் சொற்கள் வருகின்றன என்று முன்கூட்டிப் பார்த்து, அவ்வளவு பிரயாசைக்கு அது தகுமா, அல்லது அந்தச் சொற்களை மட்டும் கையால் திருத்திக்கொள்வது தகுமா என்று முடிவு செய்வது மாணவரின் பொறுப்பு.

கட்டி முடித்த கோப்புறையில் கான்ஃபிக் லாக் என்றொரு கோப்பு மிஞ்சியிருக்கும். கான்ஃபிகரிடம் மாணவர் கொடுத்த முழுக் கட்டளை, பிரிஃபிக்ஸும் வித் அடைமொழிகளும் உட்பட, அதன் தலைப்பிலேயே அட்சரம் பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு குட்டி நிரலும் ஏன் தோற்றது என்று கம்பைலர் சொன்ன காரணமும் இருக்கும். மூலநிரல் கோப்புறையை இடத்தை அடைக்கிறது என்று அழிப்பவர்கள் அந்த ஒரு கோப்பை மட்டுமாவது பிரிஃபிக்ஸ் கோப்புறைக்குள் நகலெடுத்து வைத்துவிட்டு அழிக்கலாம். மேலும் சில மாதங்களில் அடுத்த பதிப்பு வரும்போது, அல்லது அடுத்த ஆண்டு சேரும் மாணவருக்கு இதே கருவியை வேறொரு கணினியில் கட்டித் தர வேண்டியிருக்கும்போது, தேவைப்படுவது அந்தத் தலைப்பு வரியே.